கைகள் தெரியாத பதிவு குறித்து ஒரு மேல்முறையீடு

பெருமதிப்பிற்குரிய கிட்டார் போட்டிக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

விண்ணப்ப எண் நூற்றுப் பதினேழின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், நடுவர்கள் மூவரும், தொலைபேசியை எடுத்தவுடன் "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிடும் தங்கள் அலுவலகத்துப் பெண்மணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்களும் நலம். அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன். மற்றபடி என் நிலைமை கீழே வருகிறது.

தங்கள் மின்னஞ்சல் ஒன்பது நாட்களுக்கு முன்பு கிடைத்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான கிளாசிக்கல் கிட்டார் போட்டியின் முதல் சுற்றுக்கு நாங்கள் அனுப்பிய காணொளியில், வாசிப்பவரின் இரண்டு கைகளும் முதல் பதினான்கு வினாடிகளுக்கு மட்டுமே தெரிவதாகவும், அதன்பின் ஏறத்தாழ ஏழு நிமிடங்களுக்கு அவருடைய முகம் மட்டுமே தெரிவதாகவும், ஆகவே விதி நான்கின்படி பதிவை ஏற்க இயலவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. நானும் போட்டுப் பார்த்தேன், முகம்தான் தெரிகிறது. தங்கள் முடிவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குற்றவாளி யார் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன். விண்ணப்பதாரர் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார், அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். கேமராவுக்குப் பின்னால் நின்றது நான். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு இன்னொரு பதிவு அனுப்ப அனுமதி தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படிவத்தை நிரப்பியது நான் என்பதால் தங்கள் மின்னஞ்சல் என் முகவரிக்கு வந்தது. விண்ணப்பதாரருக்கு இந்த நிமிடம் வரை விஷயம் தெரியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. கடைத்தெருவில் முப்பத்தொரு வருடம் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். குடும்பப் படம், குழந்தைப் படம் என்றெல்லாம் பலகையில் எழுதியிருந்தாலும் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்காக வந்தவர்கள். முகத்தை நேராக வை, முகவாயைக் கீழே இறக்கு, சிரிக்காதே, புருவத்தைத் தூக்காதே, இரண்டு காதும் தெரியட்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னவன். தங்கள் விதி நான்கு இரண்டு கைகளும் தெரிய வேண்டும் என்கிறது. என் தொழிலில் இரண்டு காதுகளும் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. தாங்கள் அந்தக் காணொளியை இன்னொரு தடவை பார்த்தால் ஒன்றைக் கவனிக்கலாம்: பின்னால் வெள்ளைத் துணி, நெற்றியில் நிழல் இல்லை, காதுகள் இரண்டும் பளிச்சென்று இருக்கும். எந்த நாட்டுத் தூதரகத்திலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வார்கள்.

விண்ணப்பதாரர், அதாவது என் மனைவி, இளம் வயதில் நான்கு வருடம் கிட்டார் கற்றவர். பிறகு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. இந்த வகைக் கிட்டாரை வலது கை நகங்களால் வாசிக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பரிசோதனைக் கூடத்திலோ நகம் வளர்க்கக் கூடாது, கையுறை கிழிந்துவிடும். நகமா சம்பளமா என்று வந்தபோது அவர் பிறந்த வீட்டில் யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் வாரத்துக்கு இரண்டு முறை ஒட்ட வெட்டினார். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓய்வு பெற்ற அன்று, கூடத்தில் ஆளாளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்களாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ஏங்க, இனிமே டப்பா மூடி எல்லாம் நீங்கதான் திறக்கணும்." அன்றிலிருந்து மூடி திறப்பது, முடிச்சு அவிழ்ப்பது, ஒட்டியிருக்கும் சீட்டை உரிப்பது, பழத்தோல் நீக்குவது ஆகிய துறைகள் அனைத்தும் என் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. இடது கை நகங்களைச் சதையை ஒட்டி வெட்டுவாள், வலது கை நகங்களை வழவழவென்று தேய்த்து வைப்பாள். அவரை அவள் என்று எழுதத் தொடங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டு எத்தனை பத்திதான் ஒருத்தியை விண்ணப்பதாரர் என்றே எழுதுவது?

போட்டி அறிவிப்பைப் பார்த்ததும் அவள் குதிக்கவில்லை. இரண்டு நாள் வீட்டு வேலையைப் பார்த்தாள். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "ஒரு தடவையாவது மேடையில உட்கார்ந்து வாசிக்கணும். முதல் சுற்றுலயே கழட்டி விட்டாங்கன்னா, இந்த நகத்தை வெட்டிட்டு நான் என் வேலையைப் பார்க்கிறேன், போதும்" என்றாள். அவள் சும்மா பயமுறுத்துகிறவள் அல்ல. முன்பு ஒரு முறை, இனிமேல் சர்க்கரை கிடையாது என்று சொன்னாள். பதினொரு வருடமாகக் காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறாள். நானும் குடிக்கிறேன், என்னைக் கேட்டுச் செய்யப்பட்ட முடிவல்ல அது. ஆகவே தங்கள் போட்டியில் எங்கள் வீட்டுக்கு என்ன பணயம் என்றால் வலது கையில் நான்கு நகங்கள்.

அந்த நான்கில் மோதிர விரல் நகம், பதிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மேசை இழுப்பறையின் பிடியில் மாட்டி ஒடிந்தது. தாங்கள் கட்டாயமாக வைத்திருக்கும் அந்தப் பாடத்தில் ட்ரெமோலோ என்று ஒன்று வருகிறதே, மூன்று விரல்கள் மாறி மாறி ஒரே கம்பியைப் படபடவென்று தட்டித் தனித்தனிச் சத்தத்தை ஒரே நீளக் குரல்போல ஆக்குவது, அதில் முதலில் விழுவது மோதிர விரல். அவள் ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கிட்டார் ஆசிரியைக்கு வயது இருபத்தாறு. தொலைபேசியில் அந்தப் பெண் கொஞ்சமும் பதறாமல், "டேபிள் டென்னிஸ் பந்து இருக்கா ஆன்ட்டி? அதுல ஒரு சின்னத் துண்டு வெட்டி நகத்துக்கு அடியில பசை போட்டு ஒட்டுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள். எல்லாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட டிரில் மாஸ்டரிடம் போய்ப் பந்து கேட்டேன். எதற்கு என்றார். மனைவியின் நகத்துக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்று கொடுத்தார். ஃபோட்டோ ஓரம் வெட்டும் கத்தியால் அந்தப் பந்தில் நான் வெட்டிய துண்டு மில்லி மீட்டர் பிசகாமல் பொருந்தியது. கண்ணும் கருத்துமாக ஒட்டினேன். தங்கள் போட்டிக்காக நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

பதிவு நாள் வந்தது. நடுவில் வெட்டாமல், ஒட்டாமல், ஒரே மூச்சில் எடுத்திருக்க வேண்டும் என்கிறது விதி மூன்று. காலை ஒன்பதுக்கு முன்னறையில் சோபாவை நகர்த்தி, நாற்காலி போட்டு, அவள் இடது காலுக்குக் குட்டி ஸ்டூல் வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கை முகம் எல்லாம் தெரியும்படி அளவெடுத்துத் தரையில் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டேன். முதல் முயற்சியில் ஃபிரிட்ஜ் உறுமியது. அதை அணைத்தேன். இரண்டாவதில் சுவர்க் கடிகாரம் கேட்டது, கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஐந்தாவதில் நான் தும்மினேன். ஒன்பதாவது ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோது மாடியில் டிரில் மாஸ்டர் கயிறு தாண்ட ஆரம்பித்தார், நானூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினார், நாங்களும் கூடவே எண்ணினோம். பன்னிரண்டாவதில் அவரே கீழே இறங்கி வந்து கதவைத் தட்டி, "சார், அந்தப் பந்து என்ன ஆச்சு? முழுசா வேணாம், மிச்சம் இருந்தாலும் குடுங்க" என்றார். பதினாறாவது முயற்சியின் நடுவே, மெல்லிய ஓர் இடத்தில், "முகவாயைக் கொஞ்சம் இறக்கும்மா" என்று ஒரு குரல் கேட்கிறது. அது என் குரல். சொன்னது எனக்கே தெரியாது. இருபதாவதில் அவளுக்குப் பாடம் மறந்தது, இருபத்திரண்டாவதில் கம்பியின் சுருதி இறங்கியது, இருபத்து மூன்றாவதில் பேட்டரி தீர்ந்தது. இருபத்தாறாவது முயற்சி அப்பழுக்கில்லாமல் முடிந்தது, கடைசிக் கம்பியின் சத்தம் இன்னும் அறையில் நின்றுகொண்டிருக்கும்போது நான், "அப்பாடா!" என்றேன். அவள் கிட்டாரிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்: "அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள உங்களுக்கு அப்படி என்னங்க அவசரம்?" நான் வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டேன். ஃபிரிட்ஜை மறுபடி போட வேண்டும் என்பது அடுத்த நாள் வரை ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுக் காலையில் நான் முதல் ஆளாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

தங்களுக்கு வந்து சேர்ந்தது இருபத்தேழாவது முயற்சி. இதுவரை பழக்கத்தின் மேல் பழி போட்டேன், காதுகள், வெள்ளைத் துணி என்றெல்லாம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. மேல்முறையீட்டில் பொய் எழுதினால் செல்லாது என்பதால் சொல்கிறேன். பதினான்காவது வினாடி வரை நான் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கேமராத் திரையில் அவள் முகத்தில் என்னவோ மாறியது. புருவம் லேசாக ஏறியது. யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிட்டதற்கு, இதோ பதில் சொல்லப் போகிறேன் என்பது மாதிரி உதடு பிரிந்தது. முப்பத்தொரு வருடம் நான் வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் எதை முகத்திலிருந்து துடைத்துவிட்டு உட்காரச் சொன்னேனோ, அது அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடமாக அந்த முகத்தைத்தான் எதிரில் வைத்துச் சாப்பிடுகிறேன், ஆனால் இதை நான் பார்த்ததே இல்லை. என் விரல் ஜூமைத் திருகியிருக்கிறது. நான் திருகவில்லை என்று சொல்ல மாட்டேன், திருகியது தெரியாது என்றுதான் சொல்கிறேன். வாசிப்பு எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரியாது. முடிந்த பிறகு அவள், "இது வந்துடுச்சுங்க, இதையே அனுப்பிடுங்க" என்றாள். சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டேன். படத்தைப் பார்க்கவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஸ்டுடியோக்காரன் வாழ்நாளில் எதையும் சொன்ன தேதிக்கு முன்னால் கொடுத்தவன் அல்ல. அன்றைக்கென்று எனக்குத் தலைகால் புரியாத சுறுசுறுப்பு வந்து, மாலை நான்கு மணிக்குள் அனுப்பியும் விட்டேன்.

இப்போது இந்த ஒன்பது நாட்கள். தங்கள் மின்னஞ்சலைப் படித்ததும் நான் முதலில் செய்த காரியம், வீட்டிலிருந்த நகவெட்டியை எடுத்துப் பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தது. இது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது. இடது கை நகம் வளர்ந்தால் கம்பியை அழுத்த முடியாது. அவள் வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடவே தேடினேன், சோபாவைக்கூட நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் டிரில் மாஸ்டரிடம் கடன் வாங்கி வந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. கதவருகே போய், "எந்தக் கை?" என்று கத்திவிட்டேன். "இடது கைதான். ஏன், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். தினமும் காலையில், "போட்டிக்காரங்ககிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று ஒரு தடவை கேட்பாள். "வரலை" என்பேன். "சரி" என்று போய்விடுவாள். அந்தச் சரிதான் என்னைத் தின்கிறது. அதைவிடக் கொடுமை, முதல் சுற்று முடிவே தெரியாத நிலையில், இறுதிச் சுற்றுக்கு உரிய இரண்டு பாடங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தினம் நான்கு மணி நேரம் பழகுகிறாள். அவ்வளவு நம்பிக்கை. நான் அடுத்த அறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை தண்ணீர் கேட்டேன், இன்னொரு தடவை கொட்டாவி விட்டதுபோல் சமாளித்தேன்.

ஆகவே, ஐயா, விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் நகம் வெட்டியவள், கேமராக்காரன் செய்த தப்புக்காக இன்னொரு முறை வெட்டிக்கொள்வது நியாயமில்லை. புதுப் பதிவுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். கேமராவை நான் தொட மாட்டேன். அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறேன், வேண்டுமானால் டிரில் மாஸ்டரையும் அழைத்துக்கொண்டு போகிறேன். சாதகமான பதிலை எதிர்பார்த்து, தங்களுக்கும் நடுவர்களுக்கும் நீண்ட ஆயுளும், காது நோய் இல்லாத வாழ்வும், தங்கள் போட்டிக்கு ஆண்டுதோறும் நல்ல கூட்டமும் அமைய வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
விண்ணப்ப எண் 117-இன் கணவனும் குற்றவாளியுமான
ஓய்வு பெற்ற ஸ்டுடியோக்காரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தயவுசெய்து படிக்காதது போல் பாவித்துக்கொள்ளவும். கையெழுத்துப் போட்டுவிட்டு உறை தேடிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மேசையருகே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். பேய்முழி முழித்துக்கொண்டு நின்றேன். அவள் நிதானமாக முடித்து, காகிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, "நூற்று முப்பத்தொண்ணு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நான்தான்" என்றாள். பதிவு அனுப்பிய மறுநாள் காலை நான் கடைக்குப் போயிருந்தபோது கேமராவில் போட்டுப் பார்த்திருக்கிறாள். பார்த்த கையோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையின் அறைக்குப் போய், புத்தகங்களின் மேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, இரண்டாவது முயற்சியிலேயே முடித்துத் தன் பெயரில், தன் முகவரியில் அனுப்பிவிட்டாளாம். கடைசித் தேதிக்குள் ஒருவர் எத்தனை பதிவு வேண்டுமானாலும் அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் தனி எண் என்கிறதாம் விதி ஒன்பது. நான் விதி நான்கோடு படிப்பதை நிறுத்தியவன். நூற்று முப்பத்தொன்று இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது என்று தாங்கள் எழுதி எட்டு நாள் ஆகிறதாமே!

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "பதிவை மாத்தி அனுப்பினேன்னு சொன்னா உங்களுக்கு மூஞ்சி சின்னதாப் போயிடும்னு நினைச்சேன். அப்புறம், கை தெரியாததை எப்படியும் நிராகரிப்பாங்க, அது வந்ததை நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன். தினம் காலையில கேட்டேனே! ஒன்பது நாளா உங்க மூஞ்சியைத்தான் பார்த்துட்டு இருக்கேன். நீங்க பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரியே வச்சிருந்தீங்க" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது, சிரிப்பு என்று சமாளித்தேன். பிறகு அவள் பேனாவை எடுத்து, இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு பிழை இருப்பதாகச் சொன்னாள். முகம் மட்டும் தெரிவது ஏறத்தாழ ஏழு நிமிடம் அல்லவாம். ஆறு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடியாம். அதைத் தினமும் போட்டுப் பார்க்கிறவளுக்குச் சரியாகத்தானே தெரியும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதை வீணாக்க வேண்டாம், அனுப்புங்கள் என்று அவளே சொன்னதால் அனுப்புகிறேன். ஆகவே இந்த மேல்முறையீட்டை நிராகரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நூற்றுப் பதினேழை மட்டும் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டால் நல்லது, அது வீட்டு விஷயம். இறுதிச் சுற்றன்று நான் கேமரா எடுத்து வர மாட்டேன், அதற்கு அவளிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. அரங்கில் முன்வரிசையில் ஓர் இருக்கை மட்டும் எனக்கு ஒதுக்கவும். கைகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.